மதகுக் கல்லின் மேல் பட்டு

“அமைச்சர் இந்த நிலத்தில் எவ்வளவு நேரம் நின்றார்?” என்று கேட்டார் வில்லவரையர்.

“வெகுநேரம்” என்றான் தரகன் சாத்தன். “மண்ணை அள்ளி முகர்ந்துகூடப் பார்த்தார். அப்புறம் ஏரி மதகுப் பக்கம் போனவர் அப்படியே திரும்பிவிட்டார். பணம் புரட்டத்தான் போயிருப்பார்.”

“அவர் புரட்டுவதற்குள் நான் வாங்கிவிடுகிறேன். கையில் பணம் இல்லை. என் வீட்டை எடுத்துக்கொள், நிலத்தைக் கொடு.”

கொழுவூர் நாட்டைச் சுந்தரவழுதி என்றொரு ராஜா ஆண்ட காலம் அது. மழை பெய்தால் வேட்டைக்குப் போகவும் வெயில் அடித்தால் உறங்கவும் தோன்றும் ராஜா. அந்த மாதம் அவருக்கு வேறொன்று தோன்றியது. அவையில் யார் அழகான இடம் பார்த்து வீடு கட்டுகிறாரோ, அங்கே தாமே வந்து பால் காய்ச்சுவதாக அறிவித்துவிட்டார். அன்றிலிருந்து படைத்தலைவர் வில்லவரையருக்குத் தூக்கமில்லை. அமைச்சர் நம்பிக்கூத்தர் குடையை மாற்றினால் தாமும் மாற்றுகிறவர் அவர். ஒருமுறை அமைச்சருக்கு இருமல் வந்தது. ராஜா அதை அன்போடு விசாரித்தார். மறுநாள் வில்லவரையரும் இருமிக்கொண்டே அவைக்கு வந்தார்.

அவர் சாத்தனுக்குத் தருவதாகச் சொன்ன வீடு, மனைவி பெருந்தேவியின் சீதனம்.

“அந்த நிலத்தை விற்கச் சாத்தனுக்கு உரிமை உண்டா என்று விசாரித்தீர்களா?” என்று கேட்டாள் அவள்.

“அமைச்சரே பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். இதற்கு மேல் என்ன விசாரணை?”

வெள்ளிக்கிழமை நீர் வார்த்து வீட்டையும் நிலத்தையும் மாற்றிக்கொள்வதாக ஏற்பாடு. செய்தி அவைக்கு எட்டியது.

“வில்லவரையரே, வாங்கும்முன் மதகில் நட்டிருக்கும் அரசாணைக் கல்லை ஒருமுறை படித்துவிடுங்கள்” என்றார் அமைச்சர். “நான் படித்துவிட்டுத்தான் திரும்பினேன்.”

“நான் எழுத்துக்கூட்டிப் படிக்கிற நேரத்தில் நீர் வாங்கிவிடலாம் என்றா? அந்தக் கல் பக்கமே போகமாட்டேன்!”

சாய்ந்திருந்த ராஜா நிமிர்ந்து உட்கார்ந்தார். “கல்லில் என்ன இருக்கிறது?”

“தங்கள் பாட்டனாரின் ஆணை, அரசே.”

“சொல்லாதீர், சொல்லாதீர். இது நன்றாக இருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் வில்லவரையர் தாமாக நடந்துபோய் அதைப் படிக்க வேண்டும். நீர் இனி அவரிடம் அதைப் பற்றி ஒரு சொல் பேசக்கூடாது. நானும் ஆணையிட மாட்டேன். அவர் படிக்காவிட்டால் உமது இருக்கை அவருக்கு.”

வில்லவரையர் அமைச்சரின் இருக்கையை ஏற இறங்கப் பார்த்தார். “மெத்தையை மட்டும் மாற்ற வேண்டும்” என்றார்.

மறுநாள் காலை அமைச்சர் மதகுக்குப் போனார். கல்லைப் பட்டுத்துணியால் மூடிக் கயிறு கட்டினார். இரண்டு வேல்காரர்களைக் காவலுக்கு நிறுத்தினார். “யாரையும் பக்கத்தில் விடாதீர்கள்” என்று ஊருக்கே கேட்கும்படி சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, “வில்லவரையர் வந்தால் மட்டும் தூங்கிவிடுங்கள்” என்றார்.

வில்லவரையர் தம் வீட்டுக் கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார்.

“படி என்றவர் ஏன் மூடுகிறார்? படி என்றால் நான் படிக்கமாட்டேன் என்று தெரிந்தே சொல்லியிருக்கிறார். அதில் ஏதோ இருக்கிறது. அது அவருக்கு மட்டும் தெரிந்திருக்கிறது.”

“படித்தால் இருக்கை கிடைக்காதே” என்றாள் பெருந்தேவி.

“இருக்கை கிடக்கட்டும்! பட்டுப் போட்டு மூடியிருக்கிறார், பட்டு!”

உச்சிவெயிலில் கிளம்பிப் போனார். வேல்காரர்கள் நின்றபடியே குறட்டை விட்டார்கள். ஒருவன் அவருக்கு வசதியாகச் சற்று நகர்ந்துகொண்டு குறட்டை விட்டான். வில்லவரையர் பட்டை இழுத்து எறிந்துவிட்டு வாய்விட்டுப் படித்தார்:

“இந்த எல்லைக் கல்லுக்கு உள்ளே இருப்பது, கோடையில் வறண்டு கிடந்தாலும், ஏரியே. இதை விற்றதும் செல்லாது, வாங்கியதும் செல்லாது. இதில் வீடு கட்டினால் ஏரிக் காவலர் இடிப்பார்கள். இடிக்கிற கூலி கட்டினவன் தருவது.”

கடைசி வரியை இன்னொரு முறை படித்தார். திரும்பிப் பார்த்தார். அவர் வீட்டைக் கொடுத்து வாங்கவிருந்த நிலம் கல்லுக்கு உள்ளேதான் இருந்தது. வண்டல் பாளம் பாளமாக வெடித்திருந்தது. வெடிப்புகளுக்குள் நத்தை ஓடுகள்.

மறுநாள் அவையில் ராஜா கேட்டார்: “படித்தீராமே?”

“படித்தேன், அரசே.”

“ஏன்?”

வில்லவரையர் தரையைப் பார்த்தார். “மூடியிருந்தது.”

அவை சிரித்து அடங்க நேரமாயிற்று. ராஜா தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றி அமைச்சருக்குப் போட்டார். “திறந்து கிடந்தவரை இவர் கண்ணுக்குத் தெரியாத கல் அது” என்றார். “இனிச் சந்தை கூடும் நாளெல்லாம் வில்லவரையர் மதகடியில் நின்று, நிலம் பார்க்க வருகிறவர்களுக்கு அதை உரக்கப் படித்துக்காட்டட்டும்.” சாத்தனைப் பிடிக்கப் போன ஆட்கள், அவன் எல்லை தாண்டிவிட்டதாக வந்து சொன்னார்கள். பால் காய்ச்சுவதை ராஜா மறந்தே போனார். அவருக்கு இப்போது கிளி வளர்க்கத் தோன்றியிருந்தது.

வில்லவரையர் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“முத்து ஒவ்வொன்றும் நெல்லிக்காய் பருமன். அந்த ஆளுக்கு அது வயிற்றைத் தாண்டித் தொங்குகிறது. எனக்கென்றால் மார்போடு நின்றிருக்கும்.”

வீட்டைக் காலி செய்யச் சாமான் ஏற்றிய வண்டி வாசலில் நின்றது. பெருந்தேவி அதிலிருந்து அம்மிக் குழவியை எடுத்துக்கொண்டு உள்ளே நடந்தாள்.

“நடுவில் ஒரு மரகதம் வேறு” என்று அவர் பின்னாலேயே வந்தார். “பச்சைப் பசேலென்று. அதை அவர் வேண்டுமென்றே என் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார், கவனித்தேன்.”

அவள் குழவியைத் துடைத்து அம்மியின் மேல் வைத்தாள்.