ரசத்துக்கு ஓலை கேட்ட ராஜ்ஜியம்

முன்னொரு காலத்தில் மருதங்காடு என்கிற நாட்டை உக்கிரசேனன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி. ஒருநாள் விருந்தில் அதிரசத்தை ஒரு பிடி பிடித்ததில் வயிறு கல்லாகிப் போனது. வைத்தியர் யாரையும் கேட்காமல், கடைவீதியிலிருந்து நேர்வாளக் கொட்டை வாங்கிவரச் சொல்லி விழுங்கிவிட்டான். பேதிக்கு அதைவிடக் கொடிய மருந்து கிடையாது. அப்புறம் கேட்கவா வேண்டும்! சிம்மாசனம் மறந்தே போச்சு, குடியிருப்பே கொல்லைப்புறத்தில்தான். பிழைத்ததே பெரிய காரியம்.

எழுந்து உட்கார்ந்ததும் சபையைக் கூட்டிக் கத்தினான். "என்னையே கொல்லப் பார்த்த மருந்தைக் கீரைக்கட்டு மாதிரி விற்கிறார்களே! இதற்கெல்லாம் ஒரு கட்டுப்பாடு கிடையாதா?"

ராஜவைத்தியர் ஏகாம்பரம் இப்படி ஒரு நாளுக்காகவே காத்திருந்தார். மந்திரி அறவாழிக்குச் சபையில் இருந்த மதிப்பைப் பார்த்துப் பார்த்து வயிறெரிந்து கிடந்த மனுஷர். "அரசே, நோயைத் தீர்க்கும் பொருள் எதுவானாலும் மருந்துதான். அடியேன் முத்திரை வைத்த ஓலை இல்லாமல் எந்த மருந்தையும் விற்கக் கூடாது. மீறினால் நாடு கடத்துங்கள்" என்றார்.

"எல்லா மருந்தையும் ஒன்றாகச் சேர்க்கலாமா வைத்தியரே?" என்று கேட்டார் மந்திரி.

"மருந்தைப் பற்றி மந்திரிக்கு என்ன தெரியும்? வரி வசூலைப் பார்க்கச் சொல்லுங்கள் அரசே!"

சபை சிரித்தது. ராஜா மேற்கொண்டு மந்திரியைப் பேசவிடவில்லை. அன்றைக்கே ஊரெல்லாம் பறையறைந்து சட்டத்தைச் சொல்லிவிட்டார்கள்.

முதலில் மாட்டியவள் வேலாத்தாள். புருஷன் போனபின் கடைவீதியில் மருந்துச் சரக்குக் கடை வைத்து இரண்டு பிள்ளைகளை வளர்த்துவந்தவள். இருமிக்கொண்டு வந்த ஒரு பெண்ணுக்குச் சுக்கும் மிளகும் விற்றாள். அவ்வளவுதான் குற்றம். சபைக்கு இழுத்து வந்துவிட்டார்கள்.

"நாளை மறுநாள் விடிந்ததும் எல்லைக்கு வெளியே தள்ளுங்கள்" என்றான் ராஜா.

"மிளகு வித்ததுக்கா சாமி ஊரை விட்டுத் துரத்துறீங்க? எம் புள்ளைங்களை யாரு பாப்பாங்க?" என்று கதறினாள் வேலாத்தாள்.

மந்திரிக்கு நெஞ்சு கொதித்தது. இவளை எல்லை தாண்ட விடுவதில்லை என்று அங்கேயே முடிவு கட்டினார். ஆனால் கெஞ்சவில்லை. கெஞ்சினால் ராஜாவுக்குப் பிடிவாதம் இன்னும் ஏறும் என்று அவருக்குத் தெரியாதா என்ன!

"அரசே, சட்டம் என்றால் எல்லாருக்கும் சட்டம். அரண்மனைக்கு வாங்கும் சரக்குக்கும் ஓலை கேட்கச் சொல்லட்டுமா?"

"தாராளமாகச் சொல்லும்!" என்றான் ராஜா, யோசிக்காமலே.

மறுநாள் மத்தியானம் ராஜா சாப்பிட உட்கார்ந்தான். இலையில் வெறும் சோறு.

"ரசம் எங்கே?"

சமையற்காரர் கையைப் பிசைந்தார். "மகாராஜா, மிளகு இருமலுக்கு மருந்தாம், சீரகம் பித்தத்துக்காம், பெருங்காயம் வாயுவுக்காம். ஓலை இல்லாமல் கடைக்காரர் தரமாட்டேன் என்கிறார்."

"சரி, மோரை ஊற்றும்!"

"அது வயிற்றுக்கடுப்புக்கு மருந்தாமே மகாராஜா."

ராஜாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "வைத்தியர் ஓலை எழுதாமல் என்ன செய்கிறார்?"

"நேரிலேயே போய்ப் பார்த்துவிடலாமே" என்றார் பக்கத்தில் நின்ற மந்திரி.

போனார்கள். வைத்தியர் வீட்டு வாசலில் ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் கூடையும் கையுமாக நின்றார்கள். "குழம்புக்குப் பூண்டு வேணும்!" "அடுப்புல உலை கொதிக்குதய்யா, மஞ்சளுக்கு ஓலை குடும்!" என்று ஒரே கூச்சல். நடுவில் ஏகாம்பரம் வேர்த்து விறுவிறுத்து, நீட்டிய ஓலையில் எல்லாம் தலை நிமிராமல் முத்திரையைக் குத்திக்கொண்டிருந்தார். மந்திரியும் ஓர் ஓலையை நீட்டினார். அதிலும் ஒரு குத்து. அதை அப்படியே ராஜாவிடம் கொடுத்து, உரக்கப் படிக்கச் சொன்னார்.

"'உக்கிரசேன மகாராஜாவுக்கு நேர்வாளக் கொட்டை, ஒரு கைப்பிடி...' அடப்பாவி!"

வைத்தியர் தடாலென்று காலில் விழுந்தார். "பார்க்காமல் வைத்துவிட்டேன் அரசே! மிளகுக்கு இத்தனை பேர் நிற்கும்போது எதையென்று பார்ப்பேன்?"

"அன்றைக்கே இதைத்தான் சொல்ல வந்தேன் அரசே" என்றார் மந்திரி. குரலில் பணிவு இருந்தது, பின்வாங்கல் இல்லை. "எல்லாவற்றுக்கும் காவல் போட்டால் எதற்குமே காவல் இல்லை. அடுக்களைச் சரக்கை யாரும் வாங்கட்டும். அதைவிடக் கொஞ்சம் வீரியமானதை, யாருக்கு, எதற்கு என்று விசாரித்துக் கடைக்காரர் கொடுக்கட்டும். நேர்வாளம், அபின் மாதிரி உயிரை எடுக்கக்கூடியதைப் பெட்டியில் போட்டுப் பூட்டவேண்டும். நோயாளியை நேரில் பார்த்து, நாடி பிடித்து, வைத்தியர் எழுதினால்தான் பெட்டி திறக்கவேண்டும். யார் கேட்டாலும் சரி."

ராஜா வெட்கத்தோடு தலையாட்டினான். வேலாத்தாளை உடனே விடுவித்து, கடைவீதிப் பெட்டியின் சாவியையும் அவளிடமே கொடுத்தான். தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டான். "நாடி பார்க்கத் தெரிந்த வைத்தியர் யாரும் இனி ஓலை எழுதலாம். நீர் எழுந்திரும் ஏகாம்பரம். இந்தப் பெண்கள் ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டு, உம் கையாலேயே மிளகு அளந்து போடும்!" என்றான். பெண்கள் சும்மா விடுவார்களா? "இன்னும் ரெண்டு போடும் வைத்தியரே" என்று கூடையை ஆட்டி ஆட்டி வாங்கினார்கள்.

சில மாதம் போனது. ராஜாவுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. ஒரு சாயங்காலம் குதிரையில் ஏறி நேராக வேலாத்தாள் கடைக்கு வந்தான்.

"கொஞ்சம் அபின் கொடு."

"ஓலை இருக்குதுங்களா சாமி?"

"நான் யார் தெரியுமா?"

 வேலாத்தாள் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள். "தெரியுங்க சாமி. உங்களுக்கே குடுத்துட்டா, அப்புறம் நான் யாருக்கு இல்லைன்னு சொல்றது?"

 ராஜா குதிரையைத் திருப்பி, அடுத்த தெரு வைத்தியர் வீட்டுக்குப் போனான். அங்கே நாடி பார்க்க ஒரு வரிசை நின்றது. ராஜா இறங்கி, அதில் கடைசி ஆளாகப் போய் நின்றான்.