ராஜாவின் தட்டுக்கு வந்த தோசை

முன்னொரு காலத்தில் மேழிநாட்டை இடும்பவர்மர் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நினைத்தால் ஊருக்கே விருந்து, நினைத்தால் ஊருக்கே பட்டினி. அப்படி ஒரு குணம். அவர் அரண்மனையில் ஒரு வழக்கம். சாப்பாட்டில் யாரும் விஷம் வைத்துவிடக் கூடாதென்று சொந்தக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்து ருசி பார்ப்பார்கள். முதலில் மைத்துனர் சடையப்பர், பிறகு சித்தப்பாமார், ஒன்றுவிட்ட மாமன்மார் என்று வரிசை வாசல்வரை நீளும். அத்தனை பேரையும் தாண்டி ராஜாவிடம் வரும் தோசை செருப்புத் தோல் மாதிரி இருக்கும். தோசை என்றாலே அப்படித்தான் என்று நம்பிக்கொண்டிருந்தார், பாவம்.

அடுத்துப் பட்டத்துக்கு வரவேண்டியவள் மகள் தேமொழி. அவள் ஒருநாள் சபையில் சொல்லிவிட்டாள்: "நான் ராணியானால் இந்த வரிசை கிடையாது. சமைக்கிறவரும் என்னோடு உட்கார்ந்து சாப்பிடட்டும், அதைவிடக் காவல் ஏது? சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு வேலை பார்க்கட்டும்."

சடையப்பர் ராஜாவின் காதருகே குனிந்தார். "பரம்பரை மரியாதையையே குலைக்கிறாளே, மகாராஜா" என்று தூபம் போட்டார்.

ராஜாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "வழக்கத்தில் என்ன குறை என்று நாளைக்குள் காட்டு. இல்லையென்றால் பட்டம் உன் மாமாவுக்குத்தான்."

மறுநாள் காலை தேமொழி பணிவாக வந்து நின்றாள். "பட்டத்துக்கு வரப்போகிற மாமா இன்று ராஜாவின் இடத்தில் உட்கார்ந்து பழகட்டும், அப்பா. நீங்கள் அவர் இடத்தில் உட்கார்ந்து, வழக்கம் ஒழுங்காக நடக்கிறதா என்று பாருங்கள்."

சடையப்பருக்குத் தலைகால் புரியவில்லை. ஓடிப்போய் உட்கார்ந்துகொண்டார்.

கல்லிலிருந்து எடுத்த நெய்த்தோசை நேராக ராஜாவின் தட்டில் விழுந்தது. ஒரு விள்ளல் வாயில் போட்டார். மொறுமொறுவென்றிருந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"இது என்ன பண்டம்?"

"தோசைதான் அப்பா. தினமும் உங்களுக்குக் கடைசியில் வருவது."

ராஜா இன்னொன்றையும் சாப்பிட்டு முடித்த பிறகுதான் சடையப்பரின் தட்டுக்கு ஒன்று வந்து சேர்ந்தது. அவர் அதை இரண்டு கையாலும் பிய்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படி இருக்கிறது, மைத்துனரே?"

குறை சொன்னால் பட்டம் போய்விடுமே. "அமிர்தம், மகாராஜா" என்று கஷ்டப்பட்டு விழுங்கினார்.

"சந்தோஷம். இனி ஆயுசுக்கும் உமக்கு அதுதான்."

சித்தப்பாமார் சத்தமில்லாமல் எழுந்து வேலை தேடப் போனார்கள். ராஜா அடுக்களைக்குள் போய் அடுப்பருகே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அனலில் வேர்த்துக் கொட்டியது. கிரீடத்தைக் கழற்றி மகளிடம் நீட்டினார்.

"இதை நீயே வைத்துக்கொள், தாயே. எனக்கு இன்னொரு தோசை ஊற்றச் சொல்."