ஆவணியில் வந்த டிவி

அடுப்பைக் குறைத்து வைத்துவிட்டுக் கேளுங்கள். கதை சின்னதுதான். முடிவில் ஒன்று கேட்பேன், அதற்குப் பதில் சொல்வதுதான் பெரும்பாடு.

ஸ்ரீவில்லிபுத்தூரில் தேர் ஓடும் வீதியை ஒட்டிய ஒரு சந்தில் குருவையா என்று ஒருவர் இருந்தார். ஆடிப்பூரத்தன்று ஆண்டாள் தேர் ஓடும்போது சக்கரத்துக்குக் கட்டை போடுகிறவர்களில் ஒருவர். கட்டை போடுகிறவன் கண் சக்கரத்தை விட்டு விலகக் கூடாது, விலகினால் கால் போய்விடும். அதனால் வாலிப வயதிலிருந்து தேரோடு போனவர், தேர் அசைந்து வருகிற அழகை ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்த்ததில்லை. "ஊரே அண்ணாந்து பாக்குது, நான் மட்டும் ஆத்தா காலடியில குனிஞ்சே கெடக்கேன்" என்று சிரிப்பார்.

அந்த மனிதரை வயிற்றில் வந்த கட்டி கட்டிலில் போட்டது. மதுரை டாக்டர் மனைவியையும் பிள்ளைகளையும் தனியே கூப்பிட்டு, "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. இந்த மாசம் தாண்டுறது கஷ்டம்" என்று சொல்லிவிட்டார். குருவையாவிடம் வயிற்றுப் புண்தான், ஆறி வருகிறது என்று சொல்லி வைத்தார்கள். அவரும் நம்பினார்.

அப்போது ஆடி மாதம். ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு சந்துக்குள் வந்தார்கள். "ஆடித் தள்ளுபடி! சுவரில் மாட்டும் பெரிய டிவி பாதி விலை!" வீட்டில் இருந்தது மூலையில் ஒரு பழைய சின்னப் பெட்டி. கட்டிலில் இருந்து பார்த்தால் வெளிச்சம்தான் தெரியும், உருவம் தெரியாது.

மகன் அழகுராஜா தாயைக் கொல்லைப்பக்கம் கூட்டிப் போனான். "அம்மா, தேரன்னைக்குக் கேபிள்ல நேரடியாக் காட்டுவான். பெருசா ஒண்ணு வாங்கி மாட்டிருவோம். அப்பா படுத்தபடியே பாக்கட்டும்."

ஆனால் குருவையா ஆடியில் ஒரு டம்ளர்கூட வாங்காதவர். தள்ளுபடிக்கு ஓடுகிறவர்களைப் பார்த்து, "ஆவணி வரைக்கும் இருக்க மாட்டோம்னு நெனைக்கிறவன்தான் ஆடியில வாங்குவான்" என்று கேலி பேசுவார். ஆட்டோ சத்தம் கேட்டதும் மனைவி சீனியம்மாளைக் கூப்பிட்டார். "நமக்கும் ஒண்ணு வேணும்தான் சீனி. ஆவணி மொத முகூர்த்தத்துல வாங்குவோம். அதுக்கு முன்னால பெட்டி வாசப்படி தாண்டக் கூடாது" என்று கையை நீட்டினார். அவள் என்ன செய்வாள்? கையில் கை வைத்துச் சத்தியம் செய்தாள்.

மகள் வடகாசி அதையே பிடித்துக்கொண்டாள். "ஆடியில டிவி வந்தா, நீங்க ஆவணியைப் பாக்க மாட்டீங்கன்னு நாமளே அவர் மூஞ்சிக்கு நேரா சொன்ன மாதிரிதானே? தேர் பாக்காட்டிப் பரவால்ல. நம்பிக்கையோட போகட்டும்."

"பேசுவ நீ. அவருக்குத் தேரைக் காட்டாமலே அனுப்பிட்டு, நாளைக்கு அவர் போட்டோவுக்குக் கீழ டிவியை மாட்டி உக்காந்து பாரு" என்றான் அழகுராஜா. வடகாசி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சீனியம்மாள் விளக்கு முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். எழுந்து வந்து மகனிடம், "வாங்கு. எதுத்த வீட்டுல வச்சிரு" என்றாள்.

தேரன்று காலையில், ஆடி முடிய இன்னும் நாள் இருக்கும்போதே, காலண்டர் தாள்களை ஆவணி வரை கிழித்தாள். ஜன்னல்களை இறுக்கிச் சாத்தினாள். அவர் மயக்கத்தில் இருக்கும்போதே மகன் எதிர்வீட்டிலிருந்து டிவியைக் கொண்டுவந்து சுவரில் மாட்டினான். குருவையா மருந்து மயக்கம் தெளிந்து கண் விழித்தார்.

"ஆவணி பொறந்துருச்சுங்க. நீங்க இத்தன நாளா நெனவில்லாமக் கெடந்தீங்க."

"தேரு?"

"நல்லபடியா ஓடி நெலைக்கு வந்துருச்சு. புடிச்சு வச்சதை இன்னைக்கு கேபிள்ல போடுறான். பெட்டியும் வாங்கியாச்சு."

சுவரை அடைத்துக்கொண்டு தேர் வந்தது. உச்சிக் கலசம், காற்றில் ஆடும் வண்ணத் துணித் தொம்பைகள், உள்ளே ஆண்டாள். குருவையாவின் உதடுகள் அசைந்தன. சற்றுப் பொறுத்து, "தலை வலிக்குப்பா. சத்தத்தை மட்டும் அணை" என்றார். மகன் அணைத்தான்.

குருவையா சாத்திய ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினார். பிறகு திரையைப் பார்த்தார். மறுபடியும் ஜன்னல், மறுபடியும் திரை. சீனியம்மாள் அவர் முகத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, கண்ணு கலங்குது?"

"ஒண்ணுமில்ல. ஆவணியில வாங்குனது நல்லதாப் போச்சு சீனி. பொருள் நெலைச்சு நிக்கும்." மகனைப் பார்த்தார். "தலைவலி போயிருச்சு. சத்தத்தை நல்லாக் கூட்டி வைய்யி. இன்னும் கூட்டு."

மறுநாளுக்கு மறுநாள் அவர் போய்விட்டார். அன்றும் ஆடிதான்.

மகன் தள்ளுபடியில் வாங்கி வந்தான். மகள் வேண்டாம் என்று தடுத்தாள். மனைவி சத்தியத்தை மீறிப் பொய்யும் சொன்னாள். குருவையாவோ நல்லதாப் போச்சு என்றார். இந்த நால்வரில் யார் செய்தது சரி?

விடை: குருவையாவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. டிவி ஊமையான பிறகும் சாத்திய ஜன்னல் வழியாக வேட்டும் "கோவிந்தா" சத்தமும் வந்தன. வெளியே சத்தம் எழுந்து கொஞ்சம் பிந்தித்தான் திரையில் கூட்டம் கை தூக்கியது. வீதியில் தேர் ஓடிக்கொண்டிருந்தது, மாதம் ஆடி, தனக்கு ஆவணி இல்லை. அது விளங்கியதும், வெளியே கேட்ட சத்தத்தால் தன் பொய் வெளிப்பட்டது மனைவிக்குத் தெரியாமல் இருக்கத்தான் டிவியைக் கூட்டச் சொன்னார். மகன் செய்தது ஆசை, மகள் செய்தது பயம், சீனியம்மாள் செய்தது பாசம். சரி என்று சொல்ல வேண்டுமென்றால் குருவையா செய்ததைத்தான் சொல்வேன். ஆனால் அந்தச் சரியால் யாருக்கு என்ன கிடைத்தது? சேர்ந்து அழ இருந்த இரண்டு நாளும் போய்விட்டது. அந்த டிவியை அதற்கப்புறம் யாரும் போடவில்லை. "அவருக்குத் தெரியாமலே அனுப்பி வச்சிட்டேன்" என்று சீனியம்மாள் இன்றும் வருகிறவர்களிடம் சொல்கிறாள். அது ஒன்றுதான் அவளுக்கு மிச்சம். விடை தெரிந்த நீங்கள் அந்தச் சந்துப் பக்கம் போனால், தயவுசெய்து அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.