முகட்டில் அடுக்கிய கல்

வடக்கே, கடைசி ஊரும் முடிகிற இடத்தில் அந்த மலை தொடங்குகிறது. ஏற இரண்டு வழிகள். ஆற்றோர வழி சுற்று. முகட்டு வழி குறுக்கு. ஆனால் தரையில் தடம் கிடையாது. அங்கங்கே கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருப்பார்கள். மூடுபனியில் ஓர் அடுக்கிலிருந்து அடுத்த அடுக்கைப் பார்த்துப் போக வேண்டும்.

விசாலாட்சி அம்மையும் அவர் சீடர் பூவராகனும் முகட்டு வழியில் ஏறினார்கள். சீடர் குருவைவிட மூத்தவர். புதுக்கோட்டையில் அரிசி மண்டி நடத்தியவர். முந்தைய மாலை, தங்குமிடத்திலிருந்து தனியே கொஞ்சதூரம் ஏறிவிட்டு வந்தார். அதன்பிறகு சாப்பிடவில்லை, பேசவுமில்லை.

காலையில் மூடுபனி. ஓரிடத்தில் பூவராகன் இடப்பக்கம் திரும்பினார்.

“இப்படி வாருங்கள் அம்மா. நேற்று இங்கேதான்.”

இடுப்புயரத்துக்குக் கல் அடுக்கியிருந்தது.

“யார் அடுக்கியது?”

“நான்தான். சட்டென்று பனி விலகியது. சிகரம் முழுதாக எதிரே நின்றது. வேறெதையும் நான் பார்க்கவில்லை. வாயில் தேவாரம் வரவில்லை. கும்பிடக் கை எழவில்லை. நம் ஊர் மலைக்கோயிலில் வீடு அமைய வேண்டிக்கொண்டு கல் அடுக்குவோமே, அப்படி அடுக்கினேன்.”

“வீடு கட்டவா?”

“இந்த வயதில் எனக்கென்ன வீடு அம்மா.”

அம்மை கீழே கிடந்த ஒரு கல்லை எடுத்து அடுக்குக்கு அப்பால் போட்டார். இருவரும் காத்திருந்தார்கள். விழுந்த சத்தம் வரவில்லை.

பின்னால் பனிக்குள் பேச்சுக்குரல். தங்குமிடத்தில் உடனிருந்த கரூர்க்காரர்கள்.

“அண்ணே, அடுத்த அடுக்கு அந்தா தெரியுது.”

“கண்ணாடி இல்லாமலே உனக்கு எல்லாம் தெரியுதே. எட்டி நட.”

பூவராகன் பதறித் திரும்பினார். “நில்லுங்க” என்று கத்திக்கொண்டு, கைகளை விரித்தபடி குரல் வந்த பக்கம் ஓடினார். முன்னால் வந்தவர் அவர் மார்பில் மோதி நின்றார்.

“என்ன பெரியவரே, மலையில வழிமறிக்கிறீங்க?”

“இது வழி இல்லை. நான் அடுக்கின கல்லு.”

அவர்களைச் சரியான அடுக்கில் கொண்டுபோய் விட்டுத் திரும்பினார். கற்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டார். நகம் பெயர்ந்து ரத்தம் வந்தது.

பிரித்து முடிக்கையில் காற்று வீசி, பனி விலகியது. அவர் நின்ற இடத்துக்கு இரண்டடி தள்ளித் தரை இல்லை. வெகு கீழே ஒரு கழுகு வட்டமிட்டது. அதன் முதுகு தெரிந்தது. எதிரே வானத்தில் பாதியை மறைத்துச் சிகரம். வெயில் அதன் உச்சியில் மட்டும் பட்டது.

பூவராகன் மெல்லக் கேட்டார்: “வருகிறவர்கள் இதைக் காணாமலே போய்விடுவார்களே அம்மா. சிகரத்தைக் காட்ட ஓர் அடையாளம் வேண்டாமா?”

“சிகரம் தன்னைத் தானே காட்டிக்கொள்ளும், பூவராகரே. பள்ளம் காட்டாது. அதற்குத்தான் ஆள் வேண்டும்.”