ஆவுடையப்பன் காலும் அசராத வக்கீலும்

கோணவளைவுப்பட்டியில் வாழைத்தார் ஏத்தி வந்த லாரி மோதி, ஆவுடையப்பனுக்கு இடது கால் ஒடிஞ்சு போச்சு. தென்னை ஏறிப் பிழைக்கிறவன். நஷ்டஈடு வரலைன்னா வீட்டுல உலை எப்படிக் கொதிக்கும்னு அவனுக்கு ஒரே கவலை.

"நல்ல வக்கீலாப் பாரு" என்றார் ஏட்டய்யா. "கட்டிலை விட்டு இறங்கப்படாது" என்றார் டாக்டர். ரெண்டு பேர் பேச்சையும் தட்டலாமா? கூட்டாளிகள் சங்கிலியும் பலவேசமும் அவனைக் கட்டிலோடு தூக்கிக்கிட்டு வக்கீல் தேடப் போனார்கள்.

முதல் வக்கீல் விஷயத்தைக் கேட்டுட்டு, "தப்பு லாரி மேலதான். சீக்கிரம் முடிச்சிரலாம்" என்றார்.

"புளிக்குழம்புகூட கொதிக்க நேரம் எடுக்கு. வந்ததுமே முடிக்கேன்னா இவருக்கு வேலை தெரியலலே" என்றான் சங்கிலி. கட்டில் நகர்ந்தது.

அடுத்த வக்கீல் வாசலில் கோயில் கொடைக்கு வந்தது மாதிரி கூட்டம். அதில் ஒரு நரைமுடிக்காரர், "எங்க அப்பா போட்ட வரப்புக் கேசு. இன்னும் கைவிடாம நடத்துதாரு" என்றார்.

ஆவுடைக்குக் கண் நிறைஞ்சு போச்சு. "பெத்தவன் விட்டாலும் இவரு விடமாட்டாரு போலிருக்கே. இவரே போதும்."

அவரும் விடலை. வாய்தாவுக்கு மேல் வாய்தா. ஒவ்வொரு தடவையும் அவர் சொல்றது இதுதான்: "அடுத்த வாய்தாவுக்கும் ஒடிஞ்ச காலோட வந்துரணும்."

பாவம், காலுக்குச் சட்டம் தெரியுமா? எலும்பு கூடிருச்சு. ஒருநாள் ஆவுடை தன்னை மறந்து எழுந்து நடந்துட்டான். அப்புறம் தலையில் கைவச்சு உட்கார்ந்தான்.

"நாளைக்கு வாய்தாலே. கேசு போச்சு."

"திரும்ப ஒடிச்சிருவோம். உலக்கை எடுத்துட்டு வரட்டா?" என்றான் பலவேசம்.

"உலக்கைன்னா பொய்க் கேசு ஆயிரும். அதே லாரிதான் மோதணும்" என்றான் சங்கிலி.

"நியாயந்தான். பொய் சொல்லி வாங்குன காசு உடம்புல ஒட்டாது" என்றான் ஆவுடை.

டிரைவரைக் கேட்டார்கள். "இந்தக் கேசுல என் லைசென்சைப் பிடுங்கிட்டாங்க அண்ணாச்சி. சட்டத்தை மீறி நான் ஓட்டமாட்டேன்" என்று சாவியை மட்டும் கொடுத்தான். அதனால், சைக்கிள் தவிர எதையும் ஓட்டியறியாத பலவேசம் லாரியில் ஏறினான்.

முன்னே அடிபட்ட அதே வளைவில் போய் ஆவுடை காலை நீட்டிப் படுத்தான். சேதி கேட்டு வக்கீல் கறுப்புக் கோட்டோடு அலறியடிச்சு ஓடிவந்தார். லாரி ஆவுடையைச் சுத்தமாக விட்டுட்டு, வக்கீல் மேல் மோதி நின்னது.

ஆவுடை எழுந்து போய்ப் பார்த்தான். வக்கீலுக்கு இடது கால் ஒடிஞ்சிருந்தது. அவனுக்கு அழுகையே வந்துட்டு.

"படிச்சவன் புத்தியைப் பாத்தியாலே சங்கிலி. விடிஞ்சா வாய்தா. என் நஷ்டஈட்டை வாங்க அவரே ஒடிஞ்ச காலோட கிளம்பிட்டாரு."