தேதியைத் தள்ளி ஆடியவர்

இதை எழுதுகிறவன் பல வருடங்களாக இந்தக் கதையை முழுதாக நம்பியதில்லை. மூன்று முறை எழுதிக் கிழித்திருக்கிறான். சொன்னவர் கனகராஜ், பொய் சொல்கிற ஆள் இல்லை. அவர் சொல்வதில் எதையும் நடக்கவே இல்லை என்று தள்ளிவிட முடியாது. ஆனாலும் கேட்டு முடிக்கும்போதெல்லாம் செருப்புக்குள் மணல் இருப்பது போல ஏதோ உறுத்தும். தவறு கதையில் இருக்கிறதா, கேட்கிறவனிடம் இருக்கிறதா என்றும் தெரியவில்லை. இருக்கட்டும். அவர் சொன்னபடியே முதலில் சொல்லிவிடலாம்.

கனகராஜ் கோவையில் ஒரு பம்பு கம்பெனியில் பரிசோதனைப் பிரிவு சூப்பர்வைசர். பதினெட்டு வருட வேலை. அவர் தண்ணீரில் இறக்கி ஓட்டிப் பார்க்காமல் ஒரு மோட்டாரும் வாசலைத் தாண்டாது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவருக்கு வேறு வேலை. வீடியோ கேம்களை ஆடிப் பார்த்து, அவற்றைப் பற்றித் தமிழில் விமர்சனம் பேசி, யூடியூபில் போடுவார். ஒரு ஆட்டம் எங்கே ஏமாற்றுகிறது, எங்கே மனதைத் தொடுகிறது என்று நிதானமாகச் சொல்கிற குரல். ஒன்பது வருடத்தில் நாற்பதாயிரம் பேர் அந்தக் குரலைக் கேட்கச் சேர்ந்திருந்தார்கள்.

நாற்பத்தைந்தாவது வயதில் அவருக்கு ஒரு குரு வாய்த்தார். குருவுக்கு வயது முப்பத்திரண்டு.

பெயர் ஹசீனா. வங்கி வேலையை விட்டுவிட்டு ஆறு வருடமாக கேம் விமர்சனம் மட்டுமே செய்து வாழ்கிறவர். கோவை கரும்புக்கடைப் பகுதியில் ஒரு பேக்கரிக்கு மேலே அவருடைய அறை. பார்க்கிறவர்கள் 'ஆசான்' என்று கூப்பிடத் தொடங்கினார்கள். திட்டிப் பார்த்தார், நிற்கவில்லை. அதுவே பெயராகிவிட்டது. கனகராஜும் அப்படித்தான் கூப்பிடுவார்.

ஒரு ஞாயிறு காலை கனகராஜ் அந்த அறைக்குப் படியேறினார்.

"ஆசான், ஒண்ணு கேக்கணுமுங்க."

"முதல்ல உக்காருங்ணா. ஊருக்கே தண்ணி ஏத்தற ஆளு, இருபது படி ஏற முடியலையா?"

கனகராஜ் சிரிக்கவில்லை. "கம்பெனியில அகமதாபாத் போகச் சொல்றாங்க. பிரமோஷன். அடுத்த திங்கட்கிழமை பத்து மணிக்குள்ள பதில் சொல்லணும். போனா சேனலை மூடிற வேண்டியதுதான். அங்க ஞாயித்துக்கிழமையும் வேலை."

"போகலைன்னா?"

"ராஜினாமா. முழுநேரமும் இதுதான்." சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினார். "லெட்டர் எழுதியாச்சு. விட்டுறலாமுங்களா?"

ஹசீனா எழுந்தார். அலமாரியிலிருந்து ஒரு ஆட்டத்தின் டிஸ்கை எடுத்து அவர் கையில் வைத்தார்.

"இதைப் பத்தி ஒரு விமர்சனம் எழுதிட்டு வாங்க. அடுத்த ஞாயிறு பாக்கலாம்."

"நான் கேட்டதுக்கு..."

"சும்மா இல்லீங்ணா. முழுநேரமா எழுதுங்க. ஆறு நாளும்."

மதுரைப் பக்கம் இரண்டு பேர் சேர்ந்து செய்த சின்ன ஆட்டம் அது. ஒரு ஆறு, ஒரு ஓடம், ஒரு ஓடக்காரன். ஆடுகிறவர்தான் ஓடக்காரன். இந்தக் கரையில் ஆள் ஏற்றி அந்தக் கரையில் இறக்க வேண்டும். ஒரு நாளைக்கு நாலு நடை. அவ்வளவுதான்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு கனகராஜ் டிவி முன்னால் உட்கார்ந்தார்.

அவர் மனைவி வளர்மதி எட்டிப் பார்த்தார். "கேம் ஆடறதுக்கு எதுக்குங்க பேன்ட் சட்டை?"

"இதும் வேலைதான்."

"அப்ப டிபன் பாக்ஸ்ல கட்டி வெச்சுறட்டுமா?"

எட்டு பத்துக்கு நாலு நடையும் முடிந்துவிட்டது. ஓடக்காரன் ஓடத்தைக் கட்டிவிட்டுக் கரையில் உட்கார்ந்துகொண்டான். எந்தப் பொத்தானை அழுத்தியும் எழுந்திருக்கவில்லை. 'நாளைக்கு' என்று ஒரே ஒரு சொல் திரையில் வந்து நின்றது. அந்த ஆட்டத்துக்கு நாள் என்றால் நிஜமான நாள். கேம் கன்சோலில் ஓடும் தேதி மாறினால்தான் அங்கேயும் பொழுது விடியும்.

கனகராஜுக்கு இருந்தது ஆறு நாள். இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் எல்லோரும் செய்வதைத்தான் அவரும் செய்தார். செட்டிங்ஸுக்குப் போய்த் தேதியை ஒரு நாள் தள்ளினார்.

ஓடக்காரன் எழுந்தான். நாலு நடை. மறுபடியும் தேதியைத் தள்ளினார். மறுபடியும் நாலு நடை. பத்து நிமிடம் எடுத்தது ஐந்தாகி, மூன்றானது. செவ்வாய்க்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குள் ஆட்டத்தில் மழைக்காலம் வந்து போய்விட்டது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு வருடம் முடிந்தது. சனிக்கிழமை உட்கார்ந்து எழுதினார். இரண்டு தாள். ஒன்பது வருடத்தில் இவ்வளவு தெளிவாக எழுதியதில்லை என்று அவருக்கே தோன்றியது.

ஞாயிறு காலை ஹசீனா அந்தத் தாள்களை நின்றபடியே படித்தார். ஒரு இடத்தில் மட்டும் வாய்விட்டுப் படித்தார்.

"'பயணிகளுக்கு உயிர் இல்லை. சொன்னதையே சொல்கிறார்கள். தினமும் குடையோடு வரும் ஆசிரியை, காரணமே இல்லாமல் இருபத்திரண்டு நாள் காணாமல் போகிறார். திரும்பி வந்ததும் எப்போதும் சொல்வதையே சொல்கிறார். செய்தவர்களின் கவனக்குறைவு.'"

"சரிதானுங்களே?"

"எழுத்துப்பிழையே இல்லை" என்றார் ஹசீனா.

"ஆசான், கிண்டல் பண்ணாதீங்க."

"பண்ணலை. பதினொன்னு ஆகட்டும். ஒருத்தர் வருவார்."

பதினொரு மணிக்கு ஆரோக்கியம் வந்தார். பள்ளிக்கூட வேன் டிரைவர். ஐம்பது வயது தாண்டியவர். காலை நடை முடிந்ததும் தினமும் இந்த அறைக்கு வந்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை என்றால் சர்ச்சிலிருந்து நேராக வருவார். வந்ததும் தனக்கென்று போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்து கன்ட்ரோலரை எடுத்தார். திரையில் அதே ஆறு, அதே ஓடம்.

"அம்மணி, இவரு யாரு?"

"என்னை மாதிரிதான் அண்ணே. கேம் பத்திப் பேசறவரு."

"நாள் பூரா வேன் ஓட்டிட்டு இங்க வந்தும் ஓட்டறேன்னு சிரிக்காதீங்க சார்" என்றார் ஆரோக்கியம். "இந்த ஓடத்துல ஏறறவங்க பசங்க மாதிரி கூச்சல் போட மாட்டாங்க. பின்னாடி உக்காந்து வாந்தி எடுக்க மாட்டாங்க. அதுவே பெரிய விசயம்."

பதினோரு மாதமாக ஆடுகிறாராம். ஒரு நாளைக்கு நாலு நடை, அதற்குமேல் இல்லை. கனகராஜ் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு ஆளாக ஏறினார்கள். ஒவ்வொருவரும் ஏறும்போது ஆரோக்கியம் லேசாகத் தலையை ஆட்டினார். ஆட்டத்தில் அதற்குப் பொத்தான் எதுவும் கிடையாது.

"அண்ணே, அந்தக் குடை டீச்சரைப் பத்தி இவர்கிட்டச் சொல்லுங்க" என்றார் ஹசீனா.

ஆரோக்கியத்தின் கை நின்றது. "அதை ஏன் கேக்கறீங்க. போன ஆடியில. திடீர்னு ஒரு நாள் வரலை. சரி, நாளைக்கு வரும்னு பாத்தேன். மறுநாளும் வரலை. மத்தவங்க வாயத் தொறக்க மாட்டேங்கறாங்க. காய்ச்சலா, மாத்தலாகிப் போயிருச்சா, என்னதான் ஆச்சுன்னு ஒண்ணும் தெரியலை. நடுவுல ஒரு நாள் வேன்ல போறேன். நெசமான வேனு. ரோட்டோரம் ஒரு அம்மா குடை பிடிச்சுட்டு நிக்குது. டபக்குனு நிறுத்திப்போட்டேன். பின்னாடி பசங்க, 'அண்ணா, இது நம்ம ஸ்டாப் இல்லை'ங்குதுக."

ஹசீனா சிரித்தார். கனகராஜ் சிரிக்கவில்லை.

"அப்புறம்?"

"இருபத்திரண்டு நாள் சார். இருபத்திமூணாம் நாள் வந்துச்சு. எங்க போனேன்னு ஒரு வார்த்தை சொல்லலை. எப்பவும் சொல்றதையேதான் சொல்லுச்சு. 'மெதுவா போங்க, அவசரமில்லை.' எனக்குக் கண்ணு கலங்கிருச்சு."

பிறகு அவர் மீதி இரண்டு நடையையும் முடித்தார். ஓடக்காரன் கரையில் உட்கார்ந்ததும் கன்ட்ரோலரை வைத்தார். கீழே பேக்கரியிலிருந்து டீயும் தேங்காய் பன்னும் வந்தன. சாப்பிட்டார். "வர்றனுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.



"நான் அந்த இருபத்திரண்டு நாளை ஒரு மணி நேரத்துல தாண்டிட்டேனுங்க" என்றார் கனகராஜ்.

"தெரியும்."

"அந்தம்மா சொன்ன அதே வசனம் எனக்கும் வந்துச்சு. படிக்கக்கூட இல்லை. பொத்தானை அமுத்திட்டேன்."

"ம்."

"தேதியைத் தள்ளுனது தப்புங்களா?"

"நானும்தான் தள்ளறேன். ஆறு வருசமா. ஆட்டம் வெளிவர்ற வாரமே வீடியோ போடணும். ஒண்ணுக்கே பதினோரு மாசம் உக்காந்தா சோத்துக்கு என்ன பண்றது?"

"முழுநேரம் ஆயிட்டா நேரம் நிறைய கிடைக்கும்னு நெனச்சேன்."

"எனக்கு பேங்க்ல இருந்தப்ப கிடைச்சுது."

கனகராஜ் நிமிர்ந்து பார்த்தார். ஹசீனா விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

"அப்ப எதை வெச்சு ஆசான் நீங்க எழுதறீங்க?"

"ஆரோக்கியண்ணனுக்குப் பதினோரு மாசமா தினமும் டீயும் பன்னும் வாங்கித் தர்றேனே, பாசத்துலன்னு நெனச்சீங்களா?"

கனகராஜ் தன் இரண்டு தாளையும் வாங்கி நாலாக மடித்தார். கிழிக்கவில்லை. மடித்துவிட்டு, எதற்காக வந்தாரோ அதற்கே திரும்பினார்.

"ஆசான், நாளைக்குப் பத்து மணி. வீட்டுல பொண்ணு பதினொன்னாவது படிக்குது. வளர்மதி ஒண்ணும் சொல்லலை. அதுதான் பயமா இருக்குது. எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சாப் போதும். விட்டா, ஒரு வருசத்துல நான் தேறியிருப்பனா? அதை மட்டும் சொல்லுங்க."

ஹசீனா கன்ட்ரோலரை எடுத்தார். செட்டிங்ஸைத் திறந்தார். தேதி இருந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தி, கன்ட்ரோலரை அவர் கையில் கொடுத்தார்.

"தள்ளிப் பாருங்ணா."

கனகராஜ் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே எழுந்து, கன்ட்ரோலரை மேசைமேல் வைத்துவிட்டு, படியிறங்கிப் போனார்.

மறுநாள் பத்து மணிக்கு அகமதாபாத் இல்லை என்று ஆனது. இங்கேதான் அவர் கதையை முடிப்பார்.

அது நடந்து ஐந்து வருடம் ஆகிறது. கனகராஜ் தேறிவிட்டார். அவருடைய விமர்சனம் எப்போதும் எல்லோருக்கும் கடைசியாகத்தான் வரும். வந்த பிறகு மற்றவர்கள் தாங்கள் பேசியதை ஒரு தடவை திரும்பக் கேட்டுப் பார்த்துக்கொள்வார்கள். மகள் கல்லூரி முடிக்கப்போகிறாள். வளர்மதி இன்னும் டிபன் பாக்ஸைச் சொல்லிக் கேலி செய்கிறார். புதிதாக யாராவது வந்து, வேலையை விடலாமா என்று கேட்டால், கனகராஜ் இந்தக் கதையைச் சொல்லுவார். நன்றாகச் சொல்லுவார். கேட்டவர்கள் தெளிந்த முகத்தோடு எழுந்து போவார்கள்.

எழுதுகிறவன் மட்டும் தெளியாமல் வீட்டுக்குப் போவான். குருவின் பதிலில் அவனுக்குச் சந்தேகம் இருந்ததில்லை. பதினெட்டு வருட வேலையை ஒரு மனிதன் அந்த ஒரு பதிலுக்காகவா விட்டான் என்றுதான் யோசித்துக்கொண்டே இருப்பான். அப்படி ஒரு பதில் தனக்குக் கிடைத்திருந்தால் விட்டிருப்போமா என்றும் யோசிப்பான். அந்த யோசனை எப்போதும் பாதியில் நின்றுவிடும்.

போன மாதம் ஒரு டீக்கடையில் கனகராஜ் மறுபடியும் அதைச் சொன்னார். இந்தத் தடவை பேச்சுவாக்கில், "அது மார்ச் மாசம், வெயில்னா வெயில்" என்று ஒரு வார்த்தை சேர்ந்து வந்தது. இதற்கு முன் அதை அவர் சொன்னதில்லை.

எழுதுகிறவனும் பம்பு கம்பெனிக்காரன்தான். வேறு கம்பெனி, முப்பது வருடம். மார்ச் மாதம் என்றால் என்ன என்று அவனுக்குத் தெரியும். கிணறுகள் வற்றி, ஊர் ஊராக ஆழ்துளைக் கிணறு போடும் மாதம். மோட்டாருக்கு ஆள்கள் வாசலிலேயே காத்துக் கிடப்பார்கள். சொந்தத் தங்கை கல்யாணம் என்றாலும் ஒன்றரை நாளுக்குமேல் விடுப்பு கிடையாது. பரிசோதனைப் பிரிவு சூப்பர்வைசருக்கு அந்த மாதத்தில் ஆறு நாள் சேர்ந்தாற்போல விடுப்பு கொடுக்கிற முதலாளி இன்னும் பிறக்கவில்லை. விடுப்பு கேட்க வேண்டிய அவசியமே இல்லாதவனுக்குத்தான் அந்த ஆறு நாள் கிடைத்திருக்க முடியும்.

கூட இருந்தவர்கள் எழுந்து போகும்வரை அவன் பொறுத்திருந்தான். கனகராஜ் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். இத்தனை வருடம் கேட்காததை அப்போது கேட்டான்.

"கனகு, வேலையை விட்டுட்டுத்தான், விடலாமான்னு கேக்கப் போனீங்களா?"