ஓர் ஆண்டைக் கல்லில் வெட்டிய கதை

மன்னர்களின் பெருமையெல்லாம் கல்லில் ஏறிய முன்னொரு காலத்தில், ஒரு நாட்டு மன்னருக்குத் திடீரென்று ஓர் ஆசை வந்தது. முடியப்போகும் ஆண்டின் முக்கிய நிகழ்ச்சிகளைக் கோட்டை வாசலில் கல்வெட்டாக நிறுத்த வேண்டும்!

அந்த ஆண்டோ வெளியே சொல்லிக்கொள்ளும்படி இல்லை. எல்லைப் போரில் மன்னர் தோற்று ஓடிவந்தார். பெருமழையில் ஏரி உடைந்து அரண்மனைக்குள் வெள்ளம் புகுந்தது. பயிர் அழுகி, ஊரெல்லாம் பட்டினி.

அரண்மனை எழுத்தர்களின் தலைவர் பெருஞ்சாத்தன், போர்க்களத்துக்கும் மன்னரோடு போய்வந்தவர். அவருக்கு அரசவை விகடகவி நன்னாகனைக் கண்டாலே ஆகாது.

"மன்னா, இதை நன்னாகனே எழுதட்டும். கல்லில் பொய் ஏறக்கூடாது. தங்களுக்கு இழுக்கும் வரக்கூடாது. தவறினால் அவர் தலை போகட்டும்" என்றார்.

"அப்படியே ஆகட்டும். மூன்று நாள் அவகாசம்" என்றார் மன்னர்.

நன்னாகனுக்குத் தூக்கம் போயிற்று. உள்ளதை எழுதினால் இழுக்கு. மாற்றி எழுதினால் பொய். ஊர் பசித்துக் கிடக்கையில் புகழ்பாடவும் மனம் ஒப்பவில்லை. மூன்றாம் நாள் சபையில் ஓலையைப் பிரித்துப் படித்தார்.

"இவ்வாண்டுப் போரில் படை திரும்பியபோது, நம் மன்னரே அனைவருக்கும் முன்னால் வந்தார். எதிரிகள் எவராலும் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஏரியைத் தேடிப் போன மன்னர்கள் உண்டு. இவ்வாண்டு ஏரியே நம் மன்னரைத் தேடி அரண்மனைக்கு வந்தது. அளவுக்கு மீறி உண்டு வயிறு வலித்தவர் குடிமக்களில் ஒருவரும் இல்லை."

பெருஞ்சாத்தன் துள்ளி எழுந்தார். "பொய்! மன்னர் முன்னால் வந்தது போரிடவா? புறமுதுகு காட்டி ஓடி..."

சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார்.

"மன்னா, என் ஓலையில் இழுக்கு இல்லை. அது இவர் வாயில் இருந்தது" என்றார் நன்னாகன்.

மன்னர் முகம் சிவந்தது. "உன் ஓலையில் பொய் ஒன்று இருக்கிறது, நன்னாகா."

நன்னாகன் ஓலையை மறுபடி பிரித்துப் பார்த்தார்.

"நான் அனைவருக்கும் முன்னால் வரவில்லை. எனக்கும் முன்னால் ஓடியவர் இந்தப் பெருஞ்சாத்தன்!" மன்னர் வயிறு குலுங்கச் சிரித்தார், சபையும் சிரித்தது. "உனக்கு என்ன வேண்டும், கேள்."

"களஞ்சியத்தைத் திறந்துவிடுங்கள், மன்னா. அடுத்த ஆண்டாவது எழுதுவதற்கு நல்லதாக ஒன்று வேண்டாமா?"

மன்னர் மறுபடி சிரித்தபடி தம் பொற்கடகத்தைக் கழற்றி நன்னாகன் கையில் மாட்டினார். பெருஞ்சாத்தன் ஏரிக்கரையில் மண் சுமக்கப் போனார். அன்று மாலைக்குள் ஊருக்கு நெல் அளக்கத் தொடங்கினார்கள்.